விழித்த கணினியும் மறந்த வட்டும்

லினக்ஸ் பயன்படுத்தும் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "மடிக்கணினியை இரவில் ஹைபர்னேட் செய்துவிட்டுக் காலையில் எழுப்பினால், அரை நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று ஓசை வருகிறது, கோப்பைத் திறந்தால் ஒரு நொடி தயங்குகிறது. அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் ஓசையே இல்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டதா?"

விடையின் பாதி கேள்வியிலேயே இருக்கிறது. தேய்ந்துபோன வட்டு எப்படித் தொடங்கினாலும் தன் கோளாற்றைக் காட்டும்; ஹைபர்னேட்டுக்குப் பின் மட்டும் முரண்டு பிடிப்பதென்றால், முதலில் ஐயப்பட வேண்டியது வட்டை அல்ல, நினைவுகளுக்கிடையே நேர்ந்த பிசகை.

ஹைபர்னேட் என்பது ரேமில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுவதும் நிறுத்துவது. விண்டோஸ் அதை ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பிலும், லினக்ஸ் பெரும்பாலும் ஸ்வாப் எனப்படும், ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய பகுதியிலும் எழுதும். காலையில் அந்தப் பதிவு ரேமில் ஏறியதும், இயங்குதளம் நேற்று விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. வட்டுக்குத் தான் கொடுத்த அமைப்புகளும் அப்படியே இருப்பதாகக் கொள்கிறது. ஆனால் பல வட்டுகள் மின்சாரம் போனதும் அவற்றை மறந்து, ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த நிலையில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, சில நொடிகள் வேலையில்லை என்றாலே, சுழலும் தட்டில் தரவைப் படித்து எழுதும் தலையை ஒதுக்கி வைத்துவிடும். மாணவர் கேட்ட ஓசை அதுதான்.

இந்தத் தலை ஒதுங்கும் விதம் பொறியியலின் பேரழகுகளில் ஒன்று என்பேன். மடிக்கணினி வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சி இழுத்துவரும் காற்றுப் படலத்தின் மேல், தலைமயிரின் தடிமனில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், தலை மிதக்கிறது. சுழற்சி நின்றால் காற்றுப் படலம் இல்லை; படலம் இல்லையென்றால் தலை தட்டில் உரசும். ஆகவே சுழற்சி ஓய்வதற்கு முன்பே தலை, தட்டின் விளிம்பருகே உள்ள பிளாஸ்டிக் சரிவில் ஏறி அமர்ந்துவிட வேண்டும். திடீரென்று மின்சாரம் அறுந்தால்? அப்போதும் தட்டு சட்டென்று நின்றுவிடுவதில்லை. சுழன்ற வேகத்தில் இன்னும் சிறிது நேரம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில், அதுவரை தட்டைச் சுழற்றிய மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, தலையைச் சரிவில் ஏற்றப் போதுமான மின்சாரத்தைத் தந்துவிடுகிறது. பள்ளியில் படித்த மின்காந்தத் தூண்டல், நம் கோப்புகளின் உயிரைக் காப்பது இப்படித்தான்.

ஆனால் ஒவ்வொரு ஒதுக்கமும் சிறு தேய்மானம். பல மடிக்கணினி வட்டுகளுக்கு 6,00,000 முறை என்று வரம்பு சொல்கிறார்கள். அவசரமாக ஒதுங்குவதற்கான வரம்பு அதைவிடப் பன்மடங்கு குறைவு. அரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 120. நாளுக்கு எட்டு மணி நேரம் பயன்படுத்தினால் 625 நாளில் வரம்பு முடிந்துவிடும். 2007ஆம் ஆண்டில் உபுண்டு பயனர்களிடையே இது பெரும் விவாதமானது.

சரிபார்க்க, வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலில் 193ஆம் வரியைப் பாருங்கள்; தலை எத்தனை முறை ஒதுங்கியது என்ற கணக்கு அது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கணக்கு இருபதுபோல் ஏறியிருந்தால் ஐயமே வேண்டாம். வட்டின் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் '-பி' (பெரிய எழுத்து B) அமைப்புக்கு 254 என்று கொடுத்தால் ஒதுக்கம் பெரிதும் குறையும். கணினி புதிதாகத் தொடங்கும்போது மட்டும் அந்தக் கட்டளை ஓடினால் போதாது; விழிக்கும்போதும் ஓட வேண்டும். தொடக்க வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், சிஸ்டம்-ஸ்லீப் கோப்பகத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்தால் அது நடந்துவிடும். கணினியை இயங்கும்போதே தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் மட்டும் சற்று யோசிக்க வேண்டும், ஏனெனில் தலை தட்டின் மேலேயே இருக்கையில் அதிர்ச்சி ஆபத்தானது.

இதே பிசகு எதிர்த்திசையிலும் நேரும். அது இன்னும் கொடியது. விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸில் நுழைந்து அதே பகுதியில் கோப்புகளை எழுதினால், விழித்த விண்டோஸ் நேற்றைய கோப்புப் பட்டியலையே உண்மையென்று நம்பி, புதியதன் மேல் பழையதை எழுதிவிடும். இதில், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கும் விலக்கில்லை. விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால், ஷட் டவுன் செய்தாலும், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஹைபர்னேட்தான் ஆகிறது. இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடுவதே நல்லது.

அதே ஸ்மார்ட்சிடிஎல் பட்டியலில், வட்டின் கெட்டுப்போன இடங்களையும் ஐயத்துக்குரிய இடங்களையும் எண்ணும் 5, 197 ஆகிய வரிகளின் கணக்கு ஏறிக்கொண்டே போனால் கதை வேறு: அது உண்மையான பழுது, அன்றே கோப்புகளைப் படியெடுத்துவிட வேண்டும். அந்நிலையில் வட்டை ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுவது எனக்கு வருத்தம் தருகிறது. குளிர்ந்த வட்டை வெளியே எடுத்ததும் ஈரம் படியும்; தலைமயிரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், ஒரு நீர்த்துளி மலைக்குச் சமம்.