ஆர்க்டிக்கின் மிக உயரமான மலையை உயர்த்தியது எது?

1930-இல் கினோ வாட்கின்ஸ் என்ற 23 வயது ஆங்கிலேயரின் குழு கிழக்கு கிரீன்லாந்தின் மேல் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தது. பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அந்த வழியாக விமானம் விட முடியுமா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அப்போதுதான் பனிக்கு நடுவே ஒரு பெரிய மலைத்தொடர் கண்ணில் பட்டது. இரண்டே ஆண்டுகளில் வாட்கின்ஸ் அதே கிரீன்லாந்தில், கயாக் படகில் தனியாக வேட்டைக்குப் போனபோது இறந்துபோனார். மலைத்தொடருக்கு அவர் பெயர் நிலைத்தது. அதன் உச்சிதான் குன்பியோர்ன் ஃபியெல்ட், 3,694 மீட்டர். வட துருவ வட்டத்துக்குள் இதைவிட உயரமான மலை கிடையாது.

1935 ஆகஸ்ட் 16 அன்று ஐந்து பேர் அதன் உச்சியை முதன்முதலாக அடைந்தார்கள்: அகஸ்டின் கோர்ட்டால்ட், ஜாக் லாங்லாண்ட், எபே முங்க், லாரன்ஸ் வேஜர், அவர் தம்பி ஹால் வேஜர். அண்டார்க்டிக் பயணங்களால் புகழ்பெற்ற ஷாக்கிள்டன் தன் கடைசிப் பயணத்தில் சென்ற 'குவெஸ்ட்' கப்பலில்தான் இவர்களும் வந்தார்கள். ஏறுவதற்கு மிகக் கடினமான மலை என்று இதைச் சொல்ல முடியாது. கடலை அடைத்து நிற்கும் பனிக்கட்டிகளைத் தாண்டி, வெடிப்புகள் நிறைந்த பனியாறுகள் வழியே அடிவாரத்தை எட்டுவதுதான் பெரும்பாடு. இன்று ஐஸ்லாந்திலிருந்து ஸ்கீ பொருத்திய விமானம் பனியாற்றிலேயே இறக்கிவிடுகிறது. அந்தச் சிரமத்தை அறியாமலே இப்போது உச்சியைத் தொட்டுவிடலாம்.

ஐவரில் எனக்கு மிகவும் பிடித்தவர் லாரன்ஸ் வேஜர். 1933-இல் எவரெஸ்ட்டில் 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவர், ஆனால் தொழிலால் பாறைகளை ஆராயும் நிலவியலாளர். அவரை கிழக்கு கிரீன்லாந்துக் கரைக்குத் திரும்பத் திரும்ப இழுத்தது அங்குள்ள பாறை.

இமயமலை இரண்டு கண்டங்கள் மோதியதால் எழுந்தது. இங்கே நடந்தது நேர்மாறு: கண்டம் பிளந்தது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்தபோது, பிளவுகளின் வழியே எரிமலைக்குழம்பு அலை அலையாகப் பரவி, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்தது. அப்படிச் சேர்ந்த பசால்ட் பாறையின் தடிமன் பல கிலோமீட்டர். மலையின் செங்குத்தான பக்கங்களில் அந்த அடுக்குகள் கிடைமட்டக் கோடுகளாகத் தெரிகின்றன. மேலே வராமல் ஆழத்தில் தேங்கி மெதுவாக ஆறிய குழம்பு ஒன்றும் கரையோரம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்கேர்கார்டு. குழம்பு ஆறும்போது எந்தக் கனிமம் முதலில் படிகிறது, மிச்சம் எப்படி மாறுகிறது என்பதை வேஜரும் சக நிலவியலாளர் டீரும் அங்கே பாறையிலேயே படித்துக் காட்டினார்கள். உச்சியில் ஏறிய கையோடு வேஜர் அந்தக் கரையில் குளிர்காலம் முழுக்கத் தங்கியது இந்த ஆய்வுக்காகத்தான்.

சரி, அடுக்குகள் சேர்ந்தால் பீடபூமிதானே வரும், கூரான சிகரங்கள் எங்கிருந்து வந்தன? அந்த வேலையைச் செய்தது பனி. பள்ளத்தாக்கில் பனி தடிமனாக இருப்பதால் அதன் அடிப்பகுதி உருகி, பாறைமேல் வழுக்கி, பாறையைச் செதுக்கிக் கடலுக்கு இழுத்துப் போகிறது. உச்சிகளில் உள்ள மெல்லிய பனியோ பாறையோடு உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே அரிப்பு குறைவு.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. புவியின் மேலோடு, அடியிலுள்ள அடர்த்தியான மூடகத்தின் மேல் மிதப்பது போல் அமர்ந்திருக்கிறது. சரக்கை இறக்கினால் தோணி நீரில் எழும்புவது போல, பள்ளத்தாக்குப் பாறை போகப் போக அந்த நிலப்பரப்பு முழுவதும் மேலெழும்புகிறது. சராசரியாக 1,000 மீட்டர் பாறை அரிக்கப்பட்டால், காலப்போக்கில் நிலம் ஏறக்குறைய 850 மீட்டர் எழும்பிவிடும். பள்ளங்களுக்கு இதனால் லாபமில்லை. ஆனால் அரிக்கப்படாத சிகரத்துக்கு அந்த ஏற்றம் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கிறது. குன்பியோர்னின் உயரம் முழுவதற்கும் இது மட்டுமே காரணமல்ல. தடித்த பசால்ட்டும் ஆழத்து வெப்பமும் சேர்ந்தே உதவியிருக்கின்றன. ஆனாலும் மலையைச் செதுக்கிய அதே பனி அதை உயர்த்தவும் செய்தது என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இப்போது பனியே குறைந்துகொண்டிருக்கிறது. கிரீன்லாந்தின் விளிம்பெங்கும் பாறையில் பதித்த ஜிபிஎஸ் கருவிகள், அந்தச் சுமை இறங்க இறங்க நிலம் ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் உயர்வதைப் பதிவு செய்கின்றன.