அப்பாவுக்காக அம்மா நடந்த மூன்று நிமிடம்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த தன் அப்பாவை மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச் சொல்வதாகவும், அவரோ "ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை ஓடச் சொல்கிறார்களே" என்று மறுப்பதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இப்படி மறுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களிலேயே, தகுதியுள்ள நான்கு பேரில் ஒருவர்தான் போகிறார்.

பயிற்சியின் பலன் தெரிந்ததுதான். பழகிய தசை ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்ளும், அதே மாடிப்படியைக் குறைந்த துடிப்பிலேயே ஏறிவிடலாம். இதயத் தசைக்குள் ரத்தம் பாய்வது பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் என்பதால், துடிப்பு நிதானமானால் அதற்கும் வயிறாரக் கிடைக்கும்.

சரி, போகாதவரைப் போக வைப்பது எது? மருத்துவர் எவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பதுதான் முதல் காரணம் என்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில முதியவர்களைப் பற்றி 1992-ல் வெளியான ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால் யார் போவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. மாரடைப்பு வந்து மூன்றே வாரம் ஆன ஆண்களை ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். அதற்கு முன்பும் பின்பும் "உங்களால் நடக்க முடியுமா, படியேற முடியுமா, எவ்வளவு நிச்சயம்?" என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இறங்கியதும் மதிப்பெண் ஏறியிருந்தது. அதைவிட, அப்புறம் வீட்டில் ஒருவர் எவ்வளவு நடமாடுவார் என்பதைச் சரியாகச் சொன்னது ட்ரெட்மில்லில் அவர் எட்டிய நாடித்துடிப்பு இல்லை, இந்த நம்பிக்கை மதிப்பெண்தான். மூச்சு வாங்கியது, வியர்த்தது, ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தியை உடம்பே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

1985-ல் வெளியான அவர்களின் இன்னொரு ஆய்வில் மனைவிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் வெளியே இருந்தார்கள், சிலர் கணவர் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், மூன்றாவது குழுவினர் பார்த்ததோடு, கணவர் கடைசியாக எட்டிய அதே வேகத்திலும் சரிவிலும் தாங்களே மூன்று நிமிடம் நடந்தார்கள். பார்த்தவர்களுக்குக்கூட பயம் தெளியவில்லை. நடந்து, தன் காலிலேயே அந்தக் கடுமையை உணர்ந்தவர்கள்தான் கணவரின் இதயம் தாங்கும் என்று நம்பினார்கள். "நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீர் சொம்பைக்கூடத் தூக்கவிடாமல் அன்பால் கட்டிப்போடும் நம் வீடுகளை நினைத்தால், இந்தச் சிறிய ஆய்வை நம் ஊரில் பெரிதாகச் செய்து பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 4000 பேரிடம் யோகா வழியான மறுவாழ்வைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களே, இதையும் செய்யலாம்.

கேட்டவருக்கு: அடுத்த முறை அப்பாவோடு அம்மாவையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் சரி என்றால் அம்மாவும் அந்த ட்ரெட்மில்லில் மூன்று நிமிடம் நடந்து பார்க்கட்டும்.