உங்கள் ஸ்கேனர் எந்தப் பெட்டியோடு பேசும்?

மண் மேட்டில் ஏறும் முன் திருகியை, நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் ‘ஃபோர் லோ’வுக்குத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. நிலைத்து எரியவே இல்லை. வண்டியின் கோளாறுகளைப் படிக்கக் கையோடு வைத்திருந்த குட்டி ஸ்கேனரைச் சொருகினேன். பத்து விநாடியில் பதில் வந்துவிட்டது: கோளாறு ஏதும் இல்லை. கண்ணெதிரே விளக்கு சிமிட்டுகிறது, கருவியோ எல்லாம் நலம் என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஸ்கேனர் எஞ்சினிடம் மட்டுமே விசாரித்திருக்கிறது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

இன்றைய வண்டியில் இசியு எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. ஃபோர் வீல் வண்டியாக இருந்தால், எஞ்சினின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பெரும்பாலும் தனியாக ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றே: ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் அந்த விதி வந்தது. ஆனால் சட்டம் கவலைப்பட்டது புகையைப் பற்றித்தான். புகையைக் கூட்டக்கூடிய கோளாறுகளை எந்தக் கருவியாலும் படிக்க முடிய வேண்டும் என்றது, அத்தோடு நிறுத்திக்கொண்டது. நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்பது அதன் கவலை இல்லை.

அந்தப் பொது மொழி எளிமையானது. எஞ்சின் தண்ணீரின் சூடு தெரிய வேண்டுமா? ஸ்கேனர் ‘01 05’ என்று கேட்கும். 01 என்றால் ‘இப்போதைய அளவைச் சொல்’, 05 என்றால் ‘தண்ணீரின் சூடு’. எஞ்சின் பெட்டி ‘41 05 84’ என்று திருப்பிச் சொல்லும். கேள்வி எண்ணோடு 40-ஐக் கூட்டினால் அது பதில் என்று அடையாளம். 84 என்பது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண்; எட்டுப் பதினாறும் நாலும் 132. அதில் 40-ஐக் கழித்தால் 92 டிகிரி செல்சியஸ். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் கணக்கு இதேதான். அதனால்தான் சல்லிசான கருவிகூட இதைச் செய்துவிடுகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸிடம் கேட்கும் கேள்விக்கு இப்படிப் பொதுப் பட்டியல் கிடையாது. எந்த முகவரியில் கூப்பிட வேண்டும், எந்த எண்ணைக் கேட்டால் எந்த அளவு வரும் என்பதெல்லாம் தயாரிப்பாளர் வைத்துக்கொண்ட சங்கதி, மாடலுக்கு மாடல் மாறும். இந்த அகராதி கருவிக்குள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் ‘ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பொருந்தும்’ என்ற வாசகத்தை நான் கண்டுகொள்வதே இல்லை. பொருந்தும் என்றால் பெரும்பாலும் எஞ்சினைப் படிக்கும் என்றுதான் அர்த்தம்.

அகராதி இருந்தும் காது இல்லாமல் போவதுண்டு. பெட்டிகள் பேசிக்கொள்ளும் கேன் என்ற கம்பி இணை வழக்கமாக சாக்கெட்டின் 6, 14-ஆம் முனைகளில் வரும். ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் வேகம் குறைந்த இரண்டாவது இணை ஒன்று 3, 11-ஆம் முனைகளில் இருக்கிறது. அந்த முனைகளுக்கு இணைப்பு இல்லாத அடாப்டருக்கு (சாக்கெட்டில் சொருகும் துண்டுக்கு) அங்கே நடக்கும் பேச்சு கேட்காது. ப்ளூடூத் அடாப்டர்களில் வேறொரு வில்லங்கம். வண்டியின் பேச்சை ஃபோனுக்குப் புரியவைக்கும் ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள்தான் சந்தையில் நிறைந்திருக்கின்றன. ‘பதிப்பு 1.5’ என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. சாதாரண கேன் செய்தி ஒன்றில் 8 பைட்தான் அடங்கும். நீளமான பதில் துண்டு துண்டாக வரும். சின்னக் கேள்விகளைச் சமாளிக்கும் நகல்கள் பல, இந்தத் துண்டுகளைக் கோக்கும்போது தடுமாறிவிடும்.

கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்ணை, அதாவது கோடு (code) படிப்பதோடு நின்றுவிடும் கருவி ஃபோர் வீலுக்குப் பாதிக் கருவிதான். நேரடி அளவுகளைக் காட்ட வேண்டும், கட்டளையும் கொடுக்க வேண்டும். சக்கர வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று டயர் 700 மில்லிமீட்டர் விட்டம், நாலாவது தேய்ந்து 690 என்றால், 60 கிலோமீட்டரில் நேராகப் போகும்போது மூன்று சென்சார் 60 காட்டும், ஒன்று 60.9 காட்டும். எப்போதும் நான்கு சக்கரத்தையும் பிணைத்து ஓடும் வண்டியில் அந்த இடைவிடாத வித்தியாசத்தை, முன், பின் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் உரசி உரசித்தான் தாங்குகிறது, சூடாகிறது. இதற்குக் கோடு எழாமலே போகலாம். நான்கு எண்ணையும் ஒரே திரையில் பார்த்தால் கண்ணில் பட்டுவிடும்.

கட்டளை கொடுப்பது இன்னும் சுவாரசியம். மின்சாரத்தால் மாறும் டிரான்ஸ்ஃபர் கேஸில் சின்ன மோட்டார் ஒன்று தண்டைத் திருப்பும். தண்டு எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்லும். கேட்ட இடத்துக்குத் தண்டு வந்து சேர்ந்ததாகத் தகவல் வராவிட்டால் பெட்டி முயற்சியைக் கைவிட்டு விளக்கைச் சிமிட்டவிடும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஸ்கேனரிலிருந்தே ‘லோவுக்குப் போ’ என்று சொல்லுங்கள். சத்தமே இல்லையா, மோட்டாரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள். மோட்டார் முனகுகிறது, திரையில் எண் நகரவில்லையா, சென்சார் அல்லது அதன் வயர், இல்லையென்றால் தண்டே சிக்கியிருக்க வேண்டும். எண் ஒழுங்காக நகர்ந்தும் லோ விழவில்லையா, சிக்கல் உள்ளே பல்சக்கரப் பக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவதா வேண்டாமா என்பது இங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பேட்டரி மட்டும் நல்ல சார்ஜில் இருக்கட்டும். வோல்டேஜ் தாழ்ந்தால் பெட்டிகள் இல்லாத கோளாறையெல்லாம் சொல்லத் தொடங்கும்.

ஆகவே வாங்கும் முன் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் மாடலையும் வருடத்தையும் தேடி, டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது ஃபோர் வீல் என்ற வரியில் மூன்றைப் பாருங்கள்: கோடு, நேரடி அளவு, கட்டளை. மூன்றாவது இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன். பெட்டியின் மென்பொருளையே மாற்றி எழுதும் வசதி வேறு உலகம். அது தேவைப்படுகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

என் வண்டிக்கு அப்படி ஒரு கருவியை இரவல் வாங்கினேன். கட்டளை கொடுத்ததும் அடியில் மோட்டார் முனகியது. திரையில் எண் அசையாமல் நின்று, திடீரென்று தாவியது. சென்சார் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஒரு முனையில் பச்சைப் பூஞ்சணம் போலச் செம்புக் களிம்பு. சுரண்டித் துடைத்து மாட்டிவிட்டுத் திருகியைத் திருப்பினேன். விளக்கு மூன்று முறை சிமிட்டியது, அப்புறம் நிலைத்து எரிந்தது.