நீட்டியது ரிட்டர்னுக்கு, வட்டிக்கு அல்ல

வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன் நான். 2022 ஜனவரி 11 சாயங்காலத்திலிருந்து என் போன் ஓயவில்லை. "சார், மார்ச் 15 வரைக்கும் நீட்டிட்டாங்களாமே?" தொண்டியிலிருந்து ஒருவர், மண்டபத்திலிருந்து ஒருவர், ஏர்வாடியிலிருந்து இருவர். நாலு பேருமே 2020-21 வருமானத்துக்கு 2021 டிசம்பர் 31-க்குள் ரிட்டர்ன் போடாதவர்கள். நாலு பேருக்குமே அந்த நீட்டிப்பு கிடையாது. அது கணக்குத் தணிக்கை கட்டாயமானவர்களுக்கு. மற்றவர்கள் 2022 மார்ச் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம் என்று இருந்தது. வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய், வரி வரம்புக்கு மேல் 5 லட்சம் வரை 1,000 ரூபாய்.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது இந்தப் போன்கள் இல்லை. டிசம்பர் 28 அன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சண்டை போட்ட தங்கச்சிமடத்து அண்ணன். நண்டு வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். (ஆள் தெரியக் கூடாது என்பதால் தொகையை மாற்றியிருக்கிறேன்.) கட்ட வேண்டிய வரி 1,80,000. அதற்கு மேல் வட்டி 27,000 என்று திரை காட்டியது.

"கெடுவுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. எதுக்கு சார் வட்டி? இது அந்த சாஃப்ட்வேர் கோளாறுதான்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 2021 ஜூனில் வருமான வரித் துறையின் புதிய இணையதளம் வந்தது. கெடு நீட்டிய பிறகும் அது சிலருக்குத் தவறாக வட்டியும் தாமதக் கட்டணமும் போட்டது; ஆகஸ்டில் சரிசெய்துவிட்டதாகத் துறையே சொன்னது. அது செய்தியில் வந்தது. அன்றிலிருந்து திரையில் வட்டி என்று எதைப் பார்த்தாலும் கோளாறு என்கிறார்கள்.

இது கோளாறு இல்லை. மே 20 அன்று வந்த 9/2021 சுற்றறிக்கை ரிட்டர்ன் கெடுவை 2021 ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 30-க்குத் தள்ளியது. செப்டம்பர் 9 அன்று வந்த 17/2021 அதை டிசம்பர் 31-க்குத் தள்ளியது. இரண்டிலுமே கீழே ஒரு நிபந்தனை உண்டு. டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி), அட்வான்ஸ் வரி (வருஷத்துக்குள்ளேயே நாம் முன்கூட்டிக் கட்டுவது) எல்லாம் கழித்த பிறகும் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி பாக்கி இருந்தால், ரிட்டர்ன் தாமதத்துக்கான 234ஏ பிரிவு வட்டிக்கு இந்த நீட்டிப்பு இல்லை. அவர்களுக்கு வட்டி பழைய ஜூலை 31-லிருந்தே ஓடும். தாள் தருவதற்குத்தான் டிசம்பர் வரை நேரம், பணத்துக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் தேதி மட்டும்தான் இருக்கும், நிபந்தனை இருக்காது.

அந்த 27,000 எப்படி வந்தது? 234ஏ-யில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம், மாதம் ஒரு சதவீதம், 9,000. அட்வான்ஸ் வரியே கட்டாததற்கு 234பி-யில் ஏப்ரலிலிருந்து ஒன்பது மாதம், 16,200. அட்வான்ஸ் வரியின் மார்ச் 15 கெடுவைத் தவறவிட்டதற்கு 234சி-யில் 1,800. பின்னால் உள்ள இரண்டையும் எந்தச் சுற்றறிக்கையும் தொடவே இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அண்ணன் நம்பவில்லை. "2020-ல படகுக் கடன் தவணையை பாங்கு ஆகஸ்ட் வரைக்கும் தள்ளி வச்சுதே, அப்ப வட்டி நின்னுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் செக் புக்கை எடுத்தார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஜூனிலேயே அவரிடம் பணம் இருந்தது. ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியபோது, "செப்டம்பர் வரைக்கும் நேரம் இருக்கு" என்று வரிக்கு வைத்திருந்ததைப் படகுகளுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டார்.

2020-லும் இதே கூத்துதான். முதல் ஊரடங்கில் அட்வான்ஸ் வரி, டிடிஎஸ் போன்றவற்றைத் தாமதமாகக் கட்டியவர்களுக்கு, ஜூன் 30-க்குள் கட்டினால் வட்டி மாதம் 0.75 சதவீதம் என்றார்கள். குறைத்தார்கள். தள்ளுபடி செய்யவில்லை. "வட்டி இல்லைன்னு டிவியில சொன்னாங்க" என்று வந்தவர்களை எண்ணி முடியாது.

கீழக்கரைப் பக்கம் வேறு விதம். விமானம் இல்லாமல் வளைகுடாவுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு, வரிக்கு அவர்கள் இந்தியாவாசியா வெளிநாட்டுவாசியா என்று பார்க்கும் நாள் கணக்கில் 2020 மார்ச் 22 முதல் 31 வரை இங்கே இருந்த நாள்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அது 2019-20 கணக்குக்கு. அடுத்த வருஷத்துக்கும் அப்படியே என்று எடுத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து பாஸ்போர்ட்டோடு வாருங்கள்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தி ஊரடங்கில் நஷ்டப்பட்டவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் அந்தத் தொழில் நஷ்டத்தை எட்டு வருஷம் வரை பின்வரும் லாபத்தில் கழிக்கலாம். தணிக்கைக்குள் வராதவர்கள் 2021 டிசம்பர் 31-ஐ விட்டிருந்தால் அது போச்சு. கட்டடம், சாமான்களின் தேய்மானக் கழிவு மட்டும் தப்பும். "வருமானமே இல்லை, எதுக்கு ரிட்டர்ன்?" என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

சரி, இனி என்ன செய்வது? ரிட்டர்ன் எப்போது வேண்டுமானாலும் தயாராகட்டும், வரியை முதலில் கட்டுங்கள். கணக்கு முடியவில்லையா? உத்தேசமாகக் கட்டுங்கள், கூடினால் திரும்ப வரும். வரி கட்டும் சலானில் ஆண்டைச் சரியாகப் போடுங்கள். ஒரு ஆண்டு போட வேண்டிய இடத்தில் அடுத்த ஆண்டைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வராதீர்கள். மீன் கமிஷன் ஏஜென்டுகளுக்கு ஒரு வார்த்தை: 44ஏடி பிரிவில் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் வழி கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் போட்டார் என்று நீங்களும் போடாதீர்கள்.

2022-இல் மார்ச் 15 இரண்டு விதமாக வந்தது. தணிக்கைக்குள் வருபவர்களின் ரிட்டர்னுக்கு அது நீட்டிய தேதி. 44ஏடி-யில் இருப்பவர்கள் 2021-22 நிதியாண்டுக்கான அட்வான்ஸ் வரி முழுவதையும் கட்டவும் அதே தேதிதான். அதை யாரும் நீட்டவில்லை. தங்கச்சிமடத்து அண்ணனுக்கு அப்போதே சொல்லிவிட்டேன். "ஒரு படகுக்காரர்ட்ட சொல்லி வச்சிட்டேனே சார்" என்றார்.