பக்காவுசோன்னா என்ன? இத்தாலியன்ஸ் இங்கிலீஷை மேடை ஏத்தின கதை

நூறு வருஷம் முன்னாடி நியூயார்க்ல இருந்த இத்தாலிக்காரங்க கக்கூஸை 'பக்காவுசோ'ன்னு சொல்வாங்க. அப்போ கக்கூஸ் வீட்டுக்குப் பின்னாடி தனியா இருக்கும், இங்கிலீஷ்ல பேக் ஹவுஸ், அதுதான் இப்படி ஆச்சு.

இது எப்படி நடக்குதுன்னு பாத்தா ரொம்ப சுவாரசியமா இருக்கு. இத்தாலிய பேச்சுல பெரும்பாலும் வார்த்தை உயிரெழுத்துலதான் முடியும், அதனால ஜாப் வந்தா ஜோப்பா, பாஸ் வந்தா போஸ்ஸோ, ஸ்டோர் வந்தா ஸ்டோரோ. நாம பஸ்ஸை பஸ்ஸு, காரை காரு ஆக்குறோம்ல, அதே வேலைதான். ஆனா அவங்களுக்கு இன்னொரு படி இருக்கு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலா பெண்பாலான்னு முடிவு பண்ணியாகணும். ஜோப்பா பெண்பால், போஸ்ஸோ ஆண்பால். சில சமயம் ஏற்கனவே இருக்கிற இத்தாலிய வார்த்தை மேலயே போய் உக்காந்துடும்: ஃபேக்டரி 'ஃபத்தொரியா' ஆச்சு, இத்தாலியில சொந்த ஊர்ல அதுக்கு பண்ணைன்னு அர்த்தம். மண்வெட்டி, அதாவது ஷவல், 'ஷாபொலா' ஆச்சு, ஊர்ல அது வாள்!

1880ல இருந்து 1920க்குள்ள சுமார் 40 லட்சம் பேர் அமெரிக்கா வந்தாங்க, முக்கால்வாசி தெற்கு இத்தாலி. சிசிலிக்காரர் பேச்சு நாபோலி (நேப்பிள்ஸ்) காரருக்கு சரியா புரியாது, இத்தாலி ஒரே நாடா ஆனதே 1861லதான். ஒரே சைட்ல மண்ணு வெட்டுறப்போ ரெண்டு பேருக்கும் பொதுவா கிடைச்சது இந்த ஜோப்பா, போஸ்ஸோ மாதிரி வார்த்தைங்கதான்.

இதையெல்லாம் காதுல வாங்கி மேடைக்கு கொண்டு வந்தவர் எதுவார்தோ மிலியாச்சோ, மேடைப்பேர் ஃபர்ஃபரியெல்லோ. ஆரம்பத்துல நியூயார்க் மல்பெரி தெருவுல ஒரு பேங்க்ல, எழுதப்படிக்கத் தெரியாத கூலிக்காரங்களுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தவர், அவங்க பேச்சை அவரை விட கிட்ட இருந்து யாரு கேட்டிருக்க முடியும்னு எனக்கு தோணும். அவர் பண்ணினதுக்கு பேரு மக்கியெத்தா: கொஞ்சம் பாட்டு, நடுவுல பேச்சு, மறுபடி பாட்டு. தனி ஆளா விக், டிரஸ் மாத்தி மாத்தி புதுசா வந்தவன், பொம்பளைன்னு அத்தனை வேஷமும் போடுவார். நாபோலி வாக்கியத்துக்கு நடுவுல ஷாபொலான்னு வந்ததும் கேக்குறவன் மனசுல வாளும் மண்வெட்டியும் சேர்ந்து வந்து நிக்கும், சிரிப்பு அங்கதான் வெடிக்கும். ஊர்ல மட்டும் இருந்தவனுக்கு இது புரியாது, இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவனுக்கும் புரியாது. வீர கனவோட வந்து குழி வெட்டினவனுக்கு மட்டும்தான் புரியும், எனக்கு இதைப் படிக்கிறப்போ மனசு கனத்துப் போச்சு.

1924ல அமெரிக்கா போட்ட குடியேற்றச் சட்டம் புது ஆள் வரவை ரொம்ப குறைச்சுடுச்சு, பிள்ளைங்க இங்கிலீஷுக்கு போயிட்டாங்க, ரெண்டும் தெரிஞ்ச காது குறைஞ்சு போச்சு. கவிதை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாங்குச்சு, புரூக்ளின்ல வின்சென்சோ அங்கோனா 20ஆம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் சிசிலி பேச்சுலயே எழுதினார்.

பக்காவுசோ மட்டும் ஊர் திரும்பினவங்களோட கப்பல் ஏறிடுச்சு. சிசிலி, கலாப்ரியா பக்கம் கக்கூஸுக்கு 'பக்காவுசு'ன்னு சொல்ற பாட்டிங்க இருந்திருக்காங்க, அது இங்கிலீஷ்னே தெரியாம.