ரஷ்யன் தெரிந்தவரிடம் பல்கேரிய வேலையைக் கொடுக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. தண்டையார்பேட்டை அப்பா ஒருவர், மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் ‘பல்கேரிய மொழிபெயர்ப்பை’ பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக எடுத்துவந்தார். மகள் பல்கேரியாவின் பிளெவன் நகரில் மருத்துவம் சேரப்போகிறாள். பாரிமுனையில் முழுப் பணமும் கட்டி வாங்கிய தாளில் நோட்டரி முத்திரை பளிச்சென்று இருந்தது. மொழிதான் ரஷ்யன்.

“எழுத்து ஒன்றுதானே, மேடம்?”

ஒன்றுதான். இந்திக்கும் மராத்திக்கும்கூட எழுத்து ஒன்றுதான். அதற்காக இந்தி வாத்தியாரிடம் மராத்திப் பத்திரம் எழுதச் சொல்வீர்களா? ரஷ்ய மொழியில் வேற்றுமைக்கேற்பப் பெயர்ச்சொல் உருமாறும்; பல்கேரியனில் அந்த உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டன. ரஷ்யனில் 33 எழுத்துகள், பல்கேரியனில் 30. மொழி தெரியாத நீங்களே சோதிக்கலாம். தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்தோ, பக்கத்தில் ஒட்டாமல் தனிக்கோடு நிற்கும் எழுத்தோ தாளில் இருந்தால், அது பல்கேரியன் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நோட்டரி முத்திரையைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள். கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்குத்தான் அவர் சாட்சி. உள்ளே இருப்பது சரியா தவறா என்பது அவருக்கும் தெரியாது.

வரிசையும் முக்கியம். மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான சான்று), அதன்பின் மொழிபெயர்ப்பு. அப்போஸ்டிலையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால்தான் இந்த வரிசை. மொழிபெயர்ப்பைப் பல்கேரியாவிலேயே செய்ய வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே செய்வதே நல்லது என்பேன். இனிஷியலை விரிக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பல்கேரியாவில் மதிப்பெண்ணில் 6 உச்சம், 2 தோல்வி. நம் மதிப்பெண்ணை அந்தக் கணக்குக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது மொழிபெயர்ப்பாளர் வேலையே இல்லை.

துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்கேரிய மாலுமியின் வாக்குமூலத்துக்கு, அரைகுறை ஆங்கிலம் பேசும் சக மாலுமியை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். நீதிமன்றத்தில் சாட்சியின் பேச்சை மொழிபெயர்ப்பவரும் 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டப்படி உறுதிமொழி எடுத்தாக வேண்டும், அது விளையாட்டல்ல. பல்கேரியர்கள் ‘ஆம்’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். அதில் நமக்கு உறவுக்காரர்கள்தான். ஆனால் ‘இல்லை’ என்று தலையை மேலே தூக்கி இறக்கும்போது, எதிரே இருக்கும் அதிகாரி ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிவிடுவார்.

சரியான ஆளை எங்கே தேடுவது? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறையில் பல்கேரிய மொழி கற்பிக்கப்படுகிறது, அங்கே விசாரிக்கலாம். டெல்லியிலுள்ள பல்கேரியத் தூதரகத்திடமும் கேளுங்கள். முன்பணம் தருவதற்கு முன், மொழிபெயர்க்கப்போகிறவரின் பெயரைக் கேளுங்கள், கடையின் பெயரை அல்ல. முன்பு செய்த பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அவரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசுங்கள். பேசவிடாமல் இடைத்தரகர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

தயவுசெய்து அசல் சான்றிதழை மட்டும் கடையில் விட்டுவராதீர்கள். மொழிபெயர்க்க ஸ்கேன் போதும்.