கண்ணை நம்பாத நாரை

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரியின் நடுவே இருக்கிறது ரங்கனதிட்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உருவான சிறு திட்டுகள் இவை. பறவையியலாளர் சாலிம் அலி மைசூர் அரசிடம் எடுத்துச் சொல்ல, 1940இல் பறவைகள் சரணாலயமானது. படகில் போகிறவர்கள் முதலில் படமெடுப்பது பாறையில் படுத்திருக்கும் முதலையைத்தான். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கரையோரச் சேற்றில் மஞ்சள் மூக்கு நாரை நின்றால் அதன் அலகை ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

கொக்கு அசையாமல் தவமிருப்பது மீனைக் கண்ணால் பார்த்துக் குத்துவதற்காக. இந்த நாரைக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறி ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்பும். மீன் அலகில் பட்டதுதான் தாமதம், படக்கென்று மூடிவிடும். இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையின் கண்களை மூடிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் மீன் பிடித்தது. மீன் தொட்டதிலிருந்து அலகு மூட ஆன நேரம் சுமார் 25 மில்லி விநாடி. நாம் ஒருமுறை இமைப்பதற்குள் இது மூன்று நான்கு முறை முடிந்துவிடும்.

கலங்கிய நீரிலும் வேட்டை நடக்கும் என்பது இதில் பெரிய லாபம். ஆனால் குருட்டுத் துழாவலுக்கு மீன் நெருக்கமாக இருந்தாக வேண்டும். நீர் வற்றி மீன்கள் குட்டையில் ஒதுங்கும்போது கொண்டாட்டம்தான். ஆழம் கூடினால் அதே மீன்கள் சிதறிவிடும், துழாவல் வீண். அதனால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, எங்கே எவ்வளவு ஆழம் என்பதே இந்த நாரைக்கு முக்கியம்.

நத்தைகுத்தி நாரையின் கதை இன்னும் வேடிக்கை. மூடிய அலகின் நடுவிலும் ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டி போல நத்தையை நொறுக்கத்தான் அது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் நத்தையின் ஓட்டைப் பெரும்பாலும் உடைப்பதில்லை. அலகின் நுனியை உள்ளே செலுத்தி, நத்தையின் சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, உடலை உருவி எடுத்துவிடுகிறது. வழுக்கும் ஓட்டைப் பிடித்துக்கொள்ள அந்த இடைவெளி உதவலாம் என்று ஒரு கருத்து உண்டு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். கூட்டில் நேரான அலகோடு ஒன்றைப் பார்த்துவிட்டு, வேறு இனம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.